சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு எந்த நாய் நல்லது?

கேள்வி: மூன்றும் ஆறும் வயதில் பிள்ளைகள். வீடு யாழ்ப்பாணம் கோண்டாவில், சுற்றிவர வளவு. லாப்ரடோர் வாங்கலாமா?

வாங்கலாம், சாதுவான சாதிதான். ஆனால் வளர்ந்தால் 30 கிலோ வரும். பாசத்தில் பாய்ந்தாலே மூன்று வயசுப் பிள்ளை விழுந்துவிடும். சடை நாய்கள் எங்கட சித்திரை வெயிலுக்குப் பாவம். பனிநாட்டுச் சடை நாயான ஹஸ்கியை யாழ்ப்பாணத்தில் வளர்ப்பது என்னைக் கேட்டால் கொடுமை.

என் தெரிவு ஊர்க்குட்டிதான். சாதியைவிடக் குணத்தைப் பாருங்கோ. குட்டிக்கு எட்டுக் கிழமையாவது ஆகியிருக்கவேணும், அதுக்கு முதல் தாயிட்ட இருந்து பிரிக்கக்கூடாது. தாய் உங்களைக் கண்டு உறுமுதா, வாலாட்டுதா என்று கவனியுங்கோ. பிறகு ஒரு சில்வர் தட்டைக் குட்டிகளுக்குக் கொஞ்சம் தள்ளிக் கீழே போடுங்கோ. திடுக்கிட்டு ஓடின குட்டி, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து தட்டை மணந்து பார்த்தால் அந்தக் குட்டியை எடுக்கலாம். மூலைக்குள் பதுங்கி நடுங்கினால் வேண்டாம். பயந்த நாய் கடிக்கக்கூடும். நாங்கள் எடுத்த குட்டி திரும்பி வந்து தட்டை நக்கியும் பார்த்தது, சாப்பாட்டு ராமன்!

பிள்ளைகளுக்கும் பழக்கவேணும்: சாப்பிடும்போதும் நித்திரையிலும் தொடக்கூடாது, வாலை இழுக்கக்கூடாது. நாய் முகத்தைத் திருப்பி, உதட்டை நக்கி, உடம்பை விறைப்பாக்கினால் 'என்னை விடு' என்று அர்த்தம். எவ்வளவு நல்ல நாயென்றாலும் மூன்று வயசுப் பிள்ளையோடு தனிய விடாதேங்கோ.

விசர்நாய்த் தடுப்பூசி வருசாவருசம் கட்டாயம். ஊசி போட்ட நாய் கடித்தாலும், கீறினாலும் உடனே சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.