வசந்த காலத்துக்கு நகரத்துக் கடைகளில் நல்ல உடை பார்த்து வாங்குவது எப்படி?

கேள்வி கேட்டவர், வேலைக்காக நகரத்துக்கு வந்தபின் இதுதான் முதல் வசந்தம் என்கிறார். கடைக்குள் நுழைந்தாலே தலை சுற்றுகிறதாம். நவநாகரிகமாகவும் தெரிய வேண்டும், இரண்டு சலவையில் பல்லிளிக்கவும் கூடாது. கூடவே, உடையைப் புரட்டிப் பார்த்தால் கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

ஆயத்த உடைக் கடை ஒன்றின் பின்கட்டில், ஆல்டரேஷன் மேசையில் பல காலம் வேலை பார்த்தவள் நான். முன்பக்கம் கண்ணாடி முன் நின்று ஆசை ஆசையாக வாங்கிய உடை, மறுநாள் என் மேசைக்கு என்ன கதியில் வந்து சேரும் என்று எனக்குத் தெரியும். ஆகவே தயங்காமல் புரட்டிப் பாருங்கள். சுளிப்பவர்கள் சுளிக்கட்டும், காசு கொடுக்கப்போவது நீங்கள்.

எப்போது போவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரப்போகும் வசந்தத்துக்கான உடைகளை நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் காட்சி மேடைகளில் முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே காட்டி முடித்துவிடுகிறார்கள். கடைகளில் ஜனவரி, பிப்ரவரியிலேயே மெல்லிய சட்டைகள் தொங்கத் தொடங்கும். வெளியே நடுங்கிக்கொண்டு நிற்பவரின் கண்ணுக்கு அது விருந்துதான். எல்லாம் தீர்ந்துவிடும் என்று பதறி ஓடுகிறவர்கள் முழு விலை கொடுக்கிறார்கள். வெயில் நிலைக்கும் நேரத்தில் அதே சட்டை தள்ளுபடிக்கு வந்துவிடும், அடுத்த பருவத்துச் சரக்கு இறங்க இடம் வேண்டுமே. அப்போது உங்கள் அளவு இல்லாமலும் போகலாம், அதை மறைக்கவில்லை. அதனால் உடம்போடு சரியாகப் பொருந்தியே ஆக வேண்டிய கோட், பேண்ட் இரண்டையும் முன்கூட்டியே வாங்குங்கள். வண்ணச் சட்டையும் ஸ்கார்ஃபும் காத்திருக்கும்.

அடுத்து லேபிள். வெளியே தொங்கும் அட்டையில் ‘லினன்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே பக்கத் தையலில் தைத்திருக்கும் சின்ன லேபிளைத் தேடிப் படித்தால் பாதிக்கு மேல் பாலியெஸ்டராக இருக்கும். உள்லேபிளைத்தான் நம்ப வேண்டும். துணியை ஒரு பிடி பிடித்துக் கசக்கி, கொஞ்சம் பொறுத்து விடுங்கள். லினன் என்றால் கசங்கும், கசங்கத்தான் வேண்டும். கசங்கவே இல்லையென்றால் வேறு இழை கலந்திருக்கிறது, இல்லாவிட்டால் மேலே ஏதோ பூச்சு ஏற்றியிருக்கிறார்கள். விஸ்கோஸ் மரக்கூழிலிருந்து எடுக்கும் இழை. உடம்பில் அது வழிந்து விழும் அழகு பருத்திக்கு வராது, நானே விரும்பி அணிகிறேன். ஆனால் நனைந்தால் அதன் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும். பருத்தியும் லினனும் நேர்மாறு, ஈரத்தில் இன்னும் உறுதியாகும். பருத்தியைப் பிழிவதுபோல விஸ்கோஸ் கவுனைப் பிழிந்து கொடியில் தொங்கவிட்டுவிட்டு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று வருபவர்கள் நிறைய. பேண்டில் ரப்பர்போல இழுபடும் எலாஸ்டேன் இழை 2 சதவீதம் இருந்தால் போதும், உட்கார்ந்து எழுந்தாலும் முட்டி பிதுங்காது. 1958இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் கண்டுபிடித்த இழை அது. சூடு அதற்கு ஆகாது, உலர்த்தும் இயந்திரத்தில் தொடர்ந்து போட்டால் இழுவை செத்துவிடும்.

இனி என் அக்கா மகள் விஷயம். புது வேலையில் சேர்ந்திருந்தாள். குளிருக்கான கனத்த கோட் ஒன்றுதான் அவளிடம் இருந்தது. காலையில் குளிரும் மதியத்தில் வெயிலும் மாலையில் தூறலுமாக இருக்கும் பருவத்துக்கு இலேசாக ஒன்று வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பெரிய கடை, பளபளக்கும் விளக்குகள். வெளிர்பழுப்பில் கட்டம் போட்ட ஒரு கோட் அவள் கண்ணில் பட்டுவிட்டது. போட்டுக்கொண்டு நின்றபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கழற்றி வாங்கி உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினேன்.

கட்டம் போட்ட துணியில், முன்பாகத்தில் குறுக்கே வரும் வரியும் பின்பாகத்து வரியும் பக்கத் தையலில் ஒன்றோடொன்று சேர வேண்டும். இங்கே பின்பாகத்து வரி ஒரு விரல் அகலம் கீழே இறங்கியிருந்தது. வரி பார்த்து வெட்டினால் துணி கூடுதலாகச் செலவாகும், வெட்டுகிறவருக்கு நேரமும் பிடிக்கும். அந்த இரண்டையும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். தையலுக்கு அப்பால் விட்டிருந்த துணி சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. உடம்பு கொஞ்சம் பெருத்தால் பிரித்துவிட வழியில்லை. காலரின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனேன். ஒரு மூலையில், உள்ளே சூட்டில் ஒட்டியிருந்த கேன்வாஸ் துணி விட்டுப்போய்ச் சின்னக் கொப்புளமாக எழும்பியிருந்தது. கடையிலேயே கொப்புளம் என்றால் முதல் சலவைக்குப் பிறகு காலர் முழுவதும் அப்படித்தான் ஆகும். காஜாக்களில் பாதி, நூல் பிசிறோடு நின்றன.

அதற்குள் மேற்பார்வையாளர் வந்துவிட்டார். “அம்மா, வாங்குகிறவர்கள் இப்படியெல்லாம் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்” என்றார்.

“வாங்குவதற்காகத்தான் பார்க்கிறேன், தம்பி” என்றேன்.

“சித்தி, போதும், எல்லோரும் பார்க்கிறார்கள்” என்று இவள் என் கையைப் பிடித்து இழுக்கிறாள். நான் அசையவில்லை. மடிப்புக் கலையாமல் பழையபடி திருப்பி, மேல் பட்டன் போட்டு, ஹேங்கரில் மாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

கடை ஊழியர்களைக் குறை சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். நாள் முழுக்க நின்று, வாடிக்கையாளர் கலைத்துப் போட்டதையெல்லாம் மடித்து வைப்பவர்கள் அவர்கள்தாம். உதட்டுச் சாயம் பட்ட காலரும், தரையில் விட்டு மிதித்த பேண்டும் என்ன பாடு படுத்தும் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் எடுத்ததை எடுத்தபடி மாட்டுங்கள் என்கிறேன். அந்த மரியாதையைச் செய்துவிட்டால், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. துணியைத் தொட்டுப் பார்ப்பது அநாகரிகம் என்று எவன் கிளப்பிவிட்டானோ தெரியவில்லை.

அன்றைக்கே, இரண்டு தெரு தள்ளி, பயன்படுத்திய உடைகள் விற்கும் ஒரு சின்னக் கடைக்கு அவளை அழைத்துப் போனேன். பழைய துணியா என்று முகம் சுருங்கியது. அடர்நீலத்தில் கேபர்டைன் துணியில் ஒரு கோட் இருந்தது. கேபர்டைன், 1879இல் தாமஸ் பர்பரி உருவாக்கிய துணி. நூலுக்கே நீர் ஒட்டாத பதம் ஏற்றி, அதை நெருக்கமாகச் சாய்வரி விழ நெய்தார்கள். தூறலைத் தாங்கும், காற்றையும் விடும். இந்தப் பருவத்துக்கு வேறென்ன வேண்டும்? அதோடு ராக்லன் கை. அதாவது தோள் முனையில் தையல் கிடையாது, கழுத்திலிருந்தே கை தொடங்கிவிடும். யார் தோளுக்கும் ஏறக்குறையப் பொருந்தும் என்பதால், வேறொருவர் அளவுக்குத் தைத்ததை வாங்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

பழைய உடையில் இன்னொரு நன்மை, சுருங்க வேண்டியது சுருங்கி வெளுக்க வேண்டியது வெளுத்து முடிந்திருக்கும். இப்போது கண்ணுக்குத் தெரிவதுபோலத்தான் இனியும் இருக்கும். பார்க்க வேண்டிய இடங்கள் அக்குளில் லைனிங், கைமுனை மடிப்பு, பைகளின் வாய், பின்பக்க வெட்டின் மேல்முனை. கம்பளி என்றால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூச்சி அரித்த ஓட்டை பாருங்கள். எங்களுக்குக் கிடைத்ததில் லைனிங் முழுசாக இருந்தது. நடுப் பட்டன் மட்டும் இல்லை. அவள் உதட்டைப் பிதுக்கினாள். நான் உள்பக்கம் இடது பக்கத் தையலைத் தடவிக்கொண்டு கீழே இறங்கினேன். சலவைக் குறிப்பு லேபிளின் அடியில், யாரோ ஒருவர் தைத்துவைத்த உபரி பட்டன், அதே நிறம், அதே நான்கு துளை, நூல் அறுபடாமல் அப்படியே இருந்தது. கை நீளத்தை நானே குறைத்துக் கொடுத்தேன். இப்போது பழைய துணிக் கடைக்கு அவள்தான் என்னை அழைக்கிறாள்.

எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்று தெரிந்து வாங்கினால் பாதிச் செலவு மிச்சம். நீளம் குறைப்பது எளிது. பக்கம் பிடிப்பது எளிது. இடுப்பில், உள்ளே துணி விட்டிருந்தால் பின்தையலைப் பிரித்துக் கொஞ்சம் தளர்த்தலாம். தோள் இறங்கிய கோட், கைக்குழி இறுக்கிய சட்டை, இவற்றைத் தொடாதீர்கள். தோளைத் திருத்துவதென்றால் கையைக் கழற்றி, காலர் வரை பிரித்து, லைனிங்கையும் அவிழ்த்து மறுபடி தைக்க வேண்டும். தள்ளுபடியில் மிச்சம் பிடித்ததைவிடக் கூலி அதிகமாகும். அணிந்து பார்க்கும்போது நின்றால் மட்டும் போதாது. உட்காருங்கள், கையை முன்னால் நீட்டுங்கள், பேருந்தில் மேல்கம்பி பிடிப்பதுபோலத் தூக்குங்கள்.

தையல் பேச்சு வந்ததால் மனதில் கிடக்கும் இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். வீட்டுக்கு வருகிற உறவினர் பலரும் ஒரு பையோடு வருகிறார்கள். “சும்மா ஒரு தையல்தானே, போட்டுக் கொடேன்.” சும்மா ஒரு தையல் என்று உலகத்தில் எதுவும் இல்லை. பழைய தையலைப் பிரிக்க வேண்டும், நூலின் நிறம் தேட வேண்டும், மெல்லிய துணிக்கு ஊசி மாற்ற வேண்டும், இஸ்திரி போட்டு மடிப்பை அமர்த்த வேண்டும். குடும்பத்தில் மருத்துவர் இருந்தால் தயங்கித் தயங்கிக் கேட்பவர்கள், தையல் தெரிந்தவளிடம் பையை நீட்டும்போது மட்டும் தயங்குவதில்லை. கூலி கேட்டால் பணத்தாசை பிடித்தவள் என்ற பெயர். பதிலுக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் பலர் படிக்கும் இடத்தில் ஒருமுறையாவது எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

அளவு எண் சிறிதாக இல்லையே என்று உடைமாற்றும் அறையில் கண் கலங்கிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதற்காக மனம் உடையாதீர்கள். அமெரிக்காவில் பெண்கள் உடைக்கென்று 1958இல் ஒரு பொதுத் தர அளவு வெளியிட்டார்கள். 1983இல் அதையும் கைவிட்டுவிட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் எண் போடுகிறது. வாங்குபவர் மனம் குளிரட்டும் என்று பெரிய உடைக்குச் சிறிய எண்ணைப் போடுபவர்களும் உண்டு. பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் ஒரே பெண் இரண்டு எண்ணாக இருப்பாள். இன்ச் டேப் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பழைய சட்டையின் தோள், மார்பு, நீளம் மூன்றையும் குறித்துக்கொண்டு போனால் பாதி உடைகளைப் போட்டுப் பார்க்காமலேயே ஒதுக்கிவிடலாம்.

கையில் காசு இல்லாதவர்களுக்கு இதெல்லாம் எப்படி முடியும் என்று ஒருவர் கேட்பார். காசு குறைவாக இருப்பவர்தான் இப்படிப் பார்த்தாக வேண்டும். கெட்டுப்போனால் இன்னொன்று வாங்கும் வசதி மற்றவர்களுக்குத்தானே இருக்கிறது.

கடைசியாக வெள்ளை பேண்ட் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம், ஆனால் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். ஊழியரிடம் சொல்லிவிட்டு வாசல் பக்கம் பகல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய், ஒரு காலுக்குள் கையை விட்டு விரித்துப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் உள்ளாடையும் தெரியும். விரல் மறைந்தாலும் அவசரப்படாமல் முன்பக்கப் பைகளைப் பாருங்கள். பைத்துணியின் சதுரம் வெளியே நிழலாக விழுகிறதா என்று அணிந்த பிறகு பார்த்தால்தான் தெரியும். விழுந்தால், பையின் வாயைத் தைத்து மூடி, உள்பையை வெட்டி எடுத்துவிடலாம், எளிய வேலைதான். பை வேண்டும் என்பவர்கள் தோல் நிறத் துணியில் புது உள்பை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வெள்ளைக்கு அடியில் வெள்ளையைவிட தோல் நிறம்தான் தெரியாமல் இருக்கும். உள்ளாடைக்கும் அதே நிறம்தான்.