முதல் கியரில் கிளட்சை விடும்போது கார் உதறுகிறது, கிளட்ச் செட் மாற்றித்தான் ஆகவேண்டுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். பழைய புரோட்டோன் சாகா இஸ்வரா 1.3, மேனுவல். முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சை விடும்போது கார் உதறுகிறது. ஓட ஆரம்பித்துவிட்டால் ஒன்றும் தெரியவில்லை. கியர்போக்ஸை இறக்கி கிளட்ச் செட் மாற்றச் சொல்கிறார் பட்டறை ஃபோர்மன். வேறு காரணம் இருக்குமா?

பதில்:

இருக்கும். கியர்போக்ஸை இறக்குவது கூலி அதிகம் பிடிக்கும் வேலை. அதற்கு முன்னால் அரை நாள் ஒதுக்கி, வெளியே தெரிகிற எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

உதறல் எப்போது வருகிறது என்பதுதான் முதல் தடயம். பெடல் பாதி ஏறும்போது மட்டும் வந்து, கால் முழுதாக எடுத்ததும் நின்றுவிட்டால் கிளட்சோ எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கோதான். கால் எடுத்த பிறகும் வேகம் கூட்டும்போது ஆடினால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயிண்டைப் பாருங்கள். நின்ற இடத்திலேயே எஞ்சின் சீராக ஓடவில்லையென்றால் பிளக், பிளக் கேபிள், கார்புரேட்டர் மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள். ஒரு சிலிண்டர் விட்டு விட்டு எரிந்தாலும் கிளட்ச் பிடிக்கும் நேரத்தில் அதே உதறல்தான் வரும். மழைக்காலத்தில் கார் சில வாரம் சும்மா நின்றிருந்தால், எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலில் கிளட்ச் வந்து பிடிக்கும் முகத்தில் லேசாகத் துரு படியும். அந்த உதறல் பத்து இருபது தடவை கிளம்பி நின்றதுமே போய்விடும்.

அடுத்தது எஞ்சின் மவுண்டிங். இதைப் பார்க்காமலே கிளட்சுக்குச் செலவழிப்பவர்கள் நிறைய. இந்தக் காரில் எஞ்சினைப் பக்கவாட்டில் தாங்குவது இரண்டு, முன்னும் பின்னும் உருளாமல் பிடிப்பது இரண்டு. செம்மண் சாலையின் குழிகளில் அடிபட்டு முதலில் கிழிவது பெரும்பாலும் உருளாமல் பிடிக்கிற அந்த இரண்டின் ரப்பர்தான். போனட்டைத் திறந்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். காருக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. ஒருவர் முதல் கியரில் கிளட்சைப் பிடிக்கிற இடம்வரை ஒரு நொடி விட்டு மறுபடி மிதிக்கட்டும், பிறகு ரிவர்ஸில் அதேபோல. இன்னொருவர் பக்கவாட்டில் நின்று எஞ்சினைப் பார்க்கட்டும். கொஞ்சம் சாய்ந்தால் பரவாயில்லை. துள்ளி எழுந்து 'டொக்' என்று விழுந்தால் மவுண்டிங் போய்விட்டது. முன்னால் போகும்போது ஒருவிதமாகவும் ரிவர்ஸில் வேறுவிதமாகவும் உதறினாலும் சந்தேகம் அதன் மேல்தான், ஏனென்றால் இரண்டிலும் எஞ்சின் எதிரெதிர்த் திசையில் உந்தப்படுகிறது.

பிறகு கேபிள். பெடலை மெதுவாக விடும்போது காலில் படிப்படியாகச் சிக்குவது தெரிந்தால் கேபிளின் உள் இழைகள் பிய்ந்திருக்கும், அல்லது வளைவில் உரசும். எண்ணெய் விட்டு ஓட்டப் பார்க்காதீர்கள், புதிது போடுங்கள். பெடலின் விளையாட்டு, அதாவது பாரம் தெரியத் தொடங்கும்வரை விரலால் அழுத்தும் தூரம், 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கட்டும். துளியும் இல்லையென்றால் கிளட்ச் எப்போதும் பாதி வழுக்கிச் சூடேறும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் உங்கள் ஃபோர்மன் சொல்வது சரி. ஆனால் பிளேட்டை, அதாவது ஃப்ளைவீலில் உராய்ந்து பிடிக்கும் வட்டத் தகட்டை, மட்டும் மாற்றி மூடிவிட்டால் உதறல் திரும்பி வரும். பழைய பிளேட் ஏன் கெட்டது என்பதைக் கழற்றியதும் கண்டுபிடிக்க வேண்டும்.

எண்ணெய்தான் முதல் குற்றவாளி. பிளேட்டின் முகம் கறுத்துப் பளபளத்தால் எண்ணெய் பட்டு எரிந்திருக்கிறது. பிடியும் வழுக்கலும் மாறி மாறி வருவதால்தான் உதறுகிறது. ஃப்ளைவீல் பக்கம் கறுப்பாக வழிந்திருந்தால் கிராங்க் ஷாஃப்டின் பின் ஆயில் சீல். பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் பக்கம், கந்தக வாடையோடு இருந்தால் கியர்போக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்டின் சீல். சீலின் விலை சொற்பம், அதற்காக மறுபடி கியர்போக்ஸை இறக்கும் கூலிதான் பெரிது. இறக்கியிருக்கும்போதே இரண்டையும் மாற்றுங்கள். எண்ணெய் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் போடவே வேண்டாம், சூடானதும் உள்ளிருப்பது மறுபடி கசியும்.

ஃப்ளைவீல் முகத்தில் நீலத் திட்டுகளோ மயிரிழை வெடிப்போ இருந்தால் அந்த இடங்கள் சூட்டில் இறுகிவிட்டன. மேட்டில் பிரேக்குக்குப் பதில் கிளட்சிலேயே காரை நிறுத்திவைப்பதும், செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் பாதிக் கிளட்சில் ஊர்வதும் இதைச் செய்யும். மணல்தாள் தேய்ப்பு போதாது. ஈப்போவில் லேத் வேலை செய்யும் பட்டறையில் கொடுத்து முகத்தை ஸ்கிம் செய்யுங்கள், அதாவது சீவிச் சமப்படுத்துங்கள். ஆழமான வெடிப்பு என்றால் வேறு ஃப்ளைவீல்தான்.

பிளேட்டில் ரிவெட் தலைக்கு மேல் 0.3 மில்லிமீட்டருக்குக் குறைவாக லைனிங், அதாவது உராயும் மேற்பகுதி, இருந்தால் அது முடிந்தது. பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் கவரின் ஸ்பிரிங் விரல்கள் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். 0.5 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் பிடி ஒரு பக்கமாக விழும். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள்.

பூட்டும்போது நடக்கும் தவறுகள்தான் புதுச் செட்டையும் உதற வைக்கின்றன. புதுக் கவரின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயை பிரேக் கிளீனரால் முழுதாகத் துடைக்கவேண்டும். பிளேட் ஏறும் இன்புட் ஷாஃப்டின் பற்களான ஸ்பிளைனில் கிரீஸ் விரல் நுனியளவு போதும். பிளேட்டை ஏற்றி இறக்கி, பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது சுழலும்போது லைனிங்கில் தெறிக்கும். பிளேட்டை நடுவில் நிறுத்த சென்டரிங் கருவி வேண்டும். கவர் போல்ட்டுகளை ஒன்றையே முழுதாக முறுக்காமல், எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். கடைசி இறுக்கம் சுமார் 20 நியூட்டன் மீட்டர். எஞ்சினுக்கும் கியர்போக்ஸுக்கும் இடையிலுள்ள டவல் பின்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். முன்பு யாராவது கழற்றித் தொலைத்திருந்தால் இரண்டின் நடுவும் நேராக நிற்காது. இன்னொன்றை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன்: ஏற்றும்போது கியர்போக்ஸ் தன் பாரத்தை இன்புட் ஷாஃப்டில் போட்டுத் தொங்கக் கூடாது. ஒரு நிமிடம் தொங்கினாலும் புதுப் பிளேட் வளைந்துவிடும். ஜாக்கியோ இரண்டாவது ஆளோ தாங்கிக்கொண்டே போல்ட் பிடிக்கவேண்டும்.

கடைசியில் கியர் ஆயிலை, கார் சமதளத்தில் நிற்கும்போது, ஊற்றும் துளையின் விளிம்பில் வழியும்வரை நிரப்புங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் மேட்டில் இழுக்காமல், பாரம் ஏற்றாமல் ஓட்டுங்கள், புது லைனிங் முகம் படியும்வரை லேசான உதறல் இருக்கலாம். அதற்குப் பிறகும் விடவில்லையென்றால், மறுபடி கியர்போக்ஸில் கை வைக்கும் முன் மவுண்டிங்கிலிருந்தே திரும்பத் தொடங்குங்கள்.