ஆறு டப்பாவும் ஓர் அடகு ரசீதும்

கேள்வி: என் கணவர் நூற்பாலையில் சூப்பர்வைசர். பிடித்தம் போக 27,000 ரூபாய் கைக்கு வரும். நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன், சராசரியாக மாதம் 6,000 கிடைக்கும். மாமியார் எங்களோடு இருக்கிறார். எட்டாவதும் நாலாவதும் படிக்கிற இரண்டு பெண்கள். போன வருடம் ஒரு வீடியோ பார்த்துவிட்டு மளிகை, பால், காய்கறி, பெட்ரோல், மருந்து, சேமிப்பு என்று ஆறு டப்பாவில் பேர் ஒட்டிப் பணத்தைப் பிரித்து வைத்தேன். 20-ஆம் தேதி ஆனால் பால் டப்பா மளிகை டப்பாவிடம் கடன் வாங்குகிறது. சேமிப்பு டப்பா எப்போதும் காலி. மாதச் செலவு 31,200தான் வருகிறது, 1,800 மிஞ்ச வேண்டும். மிஞ்சுவதில்லை. ஜூன் வந்தால் என் வளையல் அடகுக் கடைக்குப் போகும், தை மாதம் திரும்பி வரும். நாலு வருடமாக இதே கதை. கணவர், "முதலில் பூ வாங்குவதை நிறுத்து" என்கிறார். எந்தச் செலவைக் குறைக்கலாம்? இன்னும் எத்தனை டப்பா வைக்கலாம்?
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கும் திண்டுக்கல் வாசகி)

பதில்: கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கங்களை இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன். கூட்டலில் தப்பில்லை. வாடகையில் ஆரம்பித்து போன் தவணை வரைக்கும் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எதற்காக வளையலை அடகு வைத்தீர்களோ, அந்தச் செலவு மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

ஸ்கூல் ஃபீஸ் இரண்டு பேருக்கும் 48,000, நோட்டு, யூனிபார்ம், ஷூ 7,000 என்று கடிதத்தின் ஓரத்தில் தனியாக, ஏதோ புயல், வெள்ளம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் என்பது பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்த்த அன்றே தெரிந்த விஷயம்தானே! தேதி தெரிந்த செலவை அவசரச் செலவு என்று சொல்லக் கூடாது.

உங்கள் ஆறு டப்பாவும் மாதச் செலவுக்கு வைத்தவை. மாதச் செலவில் உங்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை வருகிற செலவுதான் உங்களைக் கவிழ்க்கிறது. அதற்கு டப்பாவே இல்லாததால், அது வரும்போதெல்லாம் மற்ற டப்பாக்களைக் காலி செய்துவிட்டுப் போகிறது.

சரி, அந்தச் செலவுகளையும் எழுதிவிடுவோம். படிப்புக்கு 55,000. பொங்கலுக்கு 5,000. வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 4,000. குலதெய்வம் கோயிலுக்கு 3,000. மிக்ஸியோ ஃபேனோ ஏதாவது ஒன்று மக்கர் பண்ணும், அதற்கு 5,000. மொய் 12,000. தீபாவளியை போனஸ் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருப்பதால் அதைச் சேர்க்கவில்லை. மொத்தம் 84,000.

மயக்கம் போடாதீர்கள். நாலு வருடமாக இந்த 84,000-ஐக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், வட்டியோடு.

தை மாதம் வளையலைத் திருப்ப 45,000 எங்கிருந்து வந்தது? தீபாவளி போக போனஸில் மிஞ்சிய 20,000, தீபாவளி, பொங்கல் சீசனில் ராத்திரி கண் விழித்துத் தைத்த 25,000. அதாவது உங்கள் வீட்டில் பணம் தை மாதம் வருகிறது, ஃபீஸ் ஜூனில் கேட்கிறார்கள். தையில் வரப்போகிற பணத்தை ஏழு மாதம் முன்னாலேயே செலவு செய்துவிடுகிறீர்கள், அதற்கு அடகுக் கடைக்கு ஒரு கூலி. இரண்டு வட்டி என்றால் 45,000-க்கு மாதம் 900, ஏழு மாதத்துக்கு 6,300 ரூபாய். உங்கள் கணவர் கண்ணை உறுத்துகிற பூவுக்கு மாதம் 240 என்று எழுதியிருக்கிறீர்கள். வருடம் முழுக்கச் செவ்வாயும் வெள்ளியும் பூ வைத்தாலும் 2,880தான் ஆகிறது. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டை மாவட்டத்திலேயே வைத்துக்கொண்டு பூ வாங்காதே என்று சொல்ல அவருக்கு எப்படி மனசு வந்தது என்று தெரியவில்லை. பூ இருக்கட்டும்.

இந்தச் சுற்றை ஒரே ஒரு தடவை அறுத்துவிட்டால் போதும். அதற்கான கத்தி உங்கள் கையிலேயே இருக்கிறது. மாதம் 3,000 கட்டுகிறீர்களே, அந்த 20 மாத ஏலச்சீட்டு. 13 மாதம் ஆகிவிட்டது, நீங்கள் இன்னும் எடுக்கவில்லை. மே மாத ஏலத்தில் எடுங்கள். எடுக்காதவர்கள் நாலைந்து பேர்தான் மிச்சம் இருப்பார்கள் என்பதால், ஆரம்பத்தில் போவது மாதிரி அடித்துப் பிடித்துத் தள்ளு (சீட்டை எடுக்க விட்டுக்கொடுக்கிற தொகை) போகாது. கைக்கு வருகிற தொகை ஃபீஸுக்குச் சரியாக இருக்கும். ஃப்ரிட்ஜ் மாற்றலாம் என்ற யோசனையையும் எழுதியிருந்தீர்கள். ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள்.

தெரு அக்கா நடத்துகிற சீட்டு அது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த சீட்டு என்றால், தகராறு வந்தால் பதிவாளரிடம் போய் நிற்கலாம். தெருச் சீட்டுக்கு அந்த வழி கிடையாது. எடுத்த பிறகு மிச்சத் தவணையை ஒழுங்காகக் கட்டி முடித்துவிட்டு, அடுத்த சீட்டில் சேராமல் ஒதுங்கிவிடுங்கள். ஒருவேளை மே மாதம் சீட்டு கிடைக்காமல் போனால், வளையலை பேங்குக்கு எடுத்துப் போங்கள். வருடத்துக்குப் பத்து சதவீதம் என்று வைத்தாலும் ஏழு மாத வட்டி 2,625தான். அரை நாள் லீவு போட்டு பேங்கில் காத்திருக்க வேண்டும் என்பதற்காகவா அடகுக் கடையில் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்?

இந்த ஜூன் அடகில்லாமல் தாண்டிவிட்டால், அடுத்த தையில் வருகிற 45,000 எந்தக் கடைக்கும் போக வேண்டியதில்லை. நாலு மாத டெபாசிட்டாக பேங்கில் போட்டு வையுங்கள். வட்டி பெரிதாக வராது, வட்டிக்காகப் போடவும் சொல்லவில்லை. மச்சினர் வந்து கேட்டால், "பேங்கில் போட்டாச்சே" என்று பொய் சொல்லாமல் சொல்லலாம். திண்டுக்கல்காரருக்குப் பூட்டைப் பற்றி நான் விளக்க வேண்டுமா என்ன!

ஃபீஸில் மீதி 10,000, மற்ற வருடச் செலவுகள் 29,000, ஆக 39,000 வருகிறது. மாதத்துக்கு 3,250. இதுதான் உங்கள் ஏழாவது டப்பா, 'வருடச் செலவு' என்று பேர் ஒட்டுங்கள். போன் தவணை 1,900 மே மாதத்தோடு முடிகிறது. ஒரு வருடமாக இல்லாமலே பழகிவிட்ட பணம் அது. ஜூன் முதல் தேதியே அதை இங்கே திருப்பிவிடுங்கள், ஒரு மாதம் விட்டாலும் அதற்கு வேறு வேலை முளைத்துவிடும். நோட்டில் மிஞ்சுகிற 1,800-ஐயும் சேர்த்தால் 3,700 ஆகிறது, போதும். செப்டம்பரில் சீட்டு முடிந்ததும் அந்த 3,000-ஐ உடம்புக்கு முடியாமல் போனால், வேலை போனால் என்று தனியாகச் சேருங்கள்.

தபால் ஆபீஸ் ஆர்.டி. பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், நல்ல திட்டம்தான். ஆனால் அது ஐந்து வருடக் கணக்கு. ஜூன் ஃபீஸை அதில் போட்டுவிட்டு ஜூனில் தவிக்காதீர்கள். சின்னவளின் காலேஜுக்கு என்றால் பொருத்தம், எட்டு வருடம் கழித்துத்தான் சேர்ப்பீர்கள். எந்த உண்டியலை வைத்தாலும் அதை எந்த மாதம் உடைக்கப் போகிறோம் என்று மேலே எழுதி வையுங்கள்.

டப்பாவில் ஒரு மாதச் செலவுக்கு மேல் வைக்காதீர்கள். என் அம்மா துவரம்பருப்புத் தூக்குக்குள் பணம் வைப்பார். 2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று டி.வி.யில் சொன்னதும் எழுந்து போனவர், ஒரு தூக்கு, இரண்டு சம்படம், ஒரு ஊறுகாய் ஜாடி எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தார். பேங்க் கவுன்ட்டரில் நோட்டு எண்ணியவர், "பெருங்காய வாசனை வருதே" என்றாராம்.

இனி அந்த மிஞ்சாத 1,800. நீங்கள் ஒரு வாரம் எழுதிய கணக்கில், 'பரோட்டா பார்சல் 280', 'ஷேர் ஆட்டோ 40' என்று போய், சனிக்கிழமை 'தெரியவில்லை 340' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்தது. பலர் அதை எழுதவே மாட்டார்கள், கணக்கை நேர் பண்ண 'காய்கறி' என்று போட்டுவிடுவார்கள். வாரம் 340 என்றால் மாதம் 1,400-ஐத் தொடுகிறது. நீங்கள் தேடுகிற பணத்தில் முக்கால்வாசி அதுதான். பெரும்பாலும் அது போனைக் காட்டி ஸ்கேன் பண்ணிய காசாக இருக்கும். டப்பாவிலிருந்து பத்து ரூபாய் எடுத்தால் கண்ணுக்குத் தெரியும், ஸ்கேன் பண்ணினால் ஒரு சத்தம் மட்டும்தான் கேட்கும். டப்பா வைத்ததே கண்ணால் பார்க்கத்தான். ஆனால் உங்கள் வீட்டுச் செலவில் பாதி டப்பா பக்கமே வராமல் கணவரின் சம்பளக் கணக்கிலிருந்து நேராகப் போகிறது.

அதற்கு அவரோடு சண்டை வேண்டாம். மினிமம் பேலன்ஸ் கேட்காத இன்னொரு கணக்கை இரண்டு பேர் பேரிலும் சேர்த்து வேறு பேங்கில் திறந்து, இரண்டு பேர் போனிலும் யு.பி.ஐ.யை அந்தக் கணக்கோடு மட்டும் இணைத்துவிடுங்கள். திங்கட்கிழமைதோறும் அந்த வாரத்துக்கு உண்டானதை மட்டும் சம்பளக் கணக்கிலிருந்து அதற்கு மாற்றுங்கள். வியாழக்கிழமையே தீர்ந்தால் அவருக்கே தெரியும், நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

குறைக்கிற செலவு என்று பார்த்தால், வலிக்காத இரண்டு மூன்று இருக்கிறது. மாமியாருக்குப் பட்டன் போன், அதற்கு டேட்டாவோடு 28 நாள் ரீசார்ஜ் போட்டிருக்கிறீர்கள். 28 நாள் கணக்கில் வருடத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று தடவை போடுகிறோம் என்பதை யாரும் கவனிப்பதில்லை. டேட்டா இல்லாமல் பேசுவதற்கு மட்டுமான பேக் 2025-லிருந்து கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். ரேஷனில் 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் வருகிறது, க்யூ என்பதால் போவதில்லை என்கிறீர்கள். பருப்புக்காகவாவது போகலாம், சாம்பாரில் வித்தியாசம் தெரியாது. லைனிங் துணி வாங்கப் போகும்போது ஷேர் ஆட்டோவுக்குப் பதில் டவுன் பஸ். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் காசு கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

கரண்டில் முதல் 100 யூனிட் இலவசத்தை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறோம். ஆனால் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டியிருப்பதால் கோடையில் மீட்டரை ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

மொய்யைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். நம்மூரில் மொய் வாங்கிய கடன் மாதிரிதான், நாளைக்கு உங்கள் பெண்ணின் சடங்குக்குத் திரும்பி வரும். மொய் நோட்டை எடுத்து, உங்களுக்குச் செய்தவர்கள் வீட்டில் இந்த வருடம் என்ன விசேஷம் என்று மட்டும் பாருங்கள். ஆபீஸில் அறிமுகமானவரின் மச்சான் வீட்டுக் காதுகுத்துக்கெல்லாம் 500 வைக்க வேண்டியதில்லை, போய் வாழ்த்திவிட்டு வரலாம்.

ஒரு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தையல் வருமானம் 6,000 என்கிறீர்கள். நூல், லைனிங், ஹூக் எல்லாம் போகவா, அதற்கு முன்னாலா? நோட்டில் அவற்றுக்கு வரியே இல்லை என்பதால், அந்த 'தெரியவில்லை 340'-இல் கொஞ்சம் நூல்கண்டும் இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். தையலுக்கு ஒரு தனி டப்பா வையுங்கள். கூலி முழுவதும் அதில் விழட்டும், சாமான் அதிலிருந்தே வாங்குங்கள், மிச்சத்தை மாதக் கடைசியில் வீட்டுக்குக் கொடுங்கள். ஒரு மாதம் அப்படிச் செய்துவிட்டு அந்தக் கணக்கை எனக்கு எழுதுங்கள். பிளவுஸுக்குக் கூலி ஏற்றலாமா வேண்டாமா என்பதை அப்போது பேசலாம்.