128-ஆ, 256-ஆ: இந்த வாரத் தபால்

தீபாவளித் தள்ளுபடி முடிந்ததும் டெல்லி வாசகர்களிடமிருந்து எனக்குத் தபால் கூடிவிடும். இந்த முறை பாதிக்கு மேல் போனைப் பற்றித்தான், படமும் வீடியோவும் தங்க அதில் எத்தனை ஜிபி இடம் வேண்டும் என்பதுதான். வாங்கிவிட்டு எழுதியவர்கள் நிறையப் பேர், வாங்கும் முன் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். கடிதங்களைச் சுருக்கித் தருகிறேன்.

ஐபோன் 17, 256 ஜிபி 82,900 ரூபாய். அதற்கு முந்தைய 16, 128 ஜிபி 69,900 ரூபாய். 13,000 மிச்சமாகிறது. எது நல்லது? — முனிர்கா வாசகர்

வாங்கும் முன் கேட்டீர்கள், அதற்காகவே நீளமாகப் பதில்.

முதலில் இப்போது கையில் இருக்கும் போனில் செட்டிங்ஸுக்குப் போய் ஸ்டோரேஜ் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று பாருங்கள். மூன்று நான்கு வருடம் ஓட்டியும் 60 ஜிபி தாண்டவில்லையா? 128 தாராளம், 13,000-ஐ பேங்கில் போடுங்கள். 100-ஐத் தொட்டுவிட்டதா? அப்படியானால் 17 வாங்குங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். இனி வருவது என் பல வருடப் புகைச்சல். அவசரமிருப்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் "ஆரம்ப விலை" என்று ஒன்று வருகிறதே, அது விற்பதற்கான விலை என்று நினைக்காதீர்கள். கடைக்குள் வரவழைக்கிற விலை அது. வந்த பிறகு "சார், இது போதாதே" என்று அடுத்த படிக்கு ஏற்றுவார்கள். ஐபோனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் வந்த 4-இலிருந்து 2015-இல் வந்த 6எஸ் வரை கீழ்ப்படி 16 ஜிபிதான். அந்த ஐந்து வருடத்தில் கேமரா எவ்வளவோ முன்னேறியது, படங்களின் எடை கூடியது, கீழ்ப்படி மட்டும் நகரவில்லை. 2014-இல் இன்னொரு வேலையும் நடந்தது. அதுவரை 16, 32, 64 என்று இருந்த படிகளில் நடுவிலிருந்த 32-ஐ எடுத்துவிட்டு 16, 64, 128 என்று வைத்தார்கள். 16 போதாதவர் 32-இல் நிற்க முடியாது, 64-க்குத்தான் போயாக வேண்டும். கீழ்ப்படி 32-க்கு ஏறியது 2016-இல். அப்புறம் 2017-இல் 64, 2021-இல் 128, 2025-இல் 256.

இப்போது ரூபாய்க் கணக்கு. ஐபோன் 16 வந்த புதிதில் 128 ஜிபி 79,900, 256 ஜிபி 89,900. திரை, கேமரா, பேட்டரி எல்லாம் ஒன்றே. கூடுதல் 128 ஜிபிக்குப் பத்தாயிரம், அதாவது ஜிபிக்கு 78 ரூபாய். மறுவருடம் 17 வந்தபோது 256-ஏ கீழ்ப்படி ஆனது, ஆரம்ப விலை ஏறியது 3,000 மட்டும். நேற்று பத்தாயிரத்துக்கு விற்ற அதே 128 ஜிபி இன்று எப்படி மூவாயிரத்துக்குக் கட்டுப்படியானது? ஆனால் அதே 17-இல் 256-இலிருந்து 512-க்குப் போக 20,000 கேட்கிறார்கள். திரும்பவும் ஜிபிக்கு 78! சிப் விலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், நீங்களே சொல்லுங்கள்.

ஆண்ட்ராய்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். சாம்சங் 2021-இல் எஸ்21-இலிருந்து மெமரி கார்டு போடும் இடத்தையே எடுத்துவிட்டது. அதே வருடம் ஜூன் 1-ஆம் தேதி கூகுள் போட்டோஸின் இலவச அளவில்லாச் சேமிப்பும் நின்றது. இப்போது இலவசம் ஜிமெயிலையும் சேர்த்து 15 ஜிபி. ஆப்பிள் தன் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் 2011-இல் கொடுத்த இலவச 5 ஜிபி இன்றைக்கும் 5 ஜிபிதான். மேலே வேண்டுமானால் வாடகை. 200 ஜிபிக்கு மாதம் 219 ரூபாய், நான்கு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 10,512. பத்தாயிரம் மிச்சம் என்று சின்னதை வாங்கியவர் அந்தப் பத்தாயிரத்தைத் தவணையில் கட்டிக்கொண்டிருப்பார், அதுவும் போன் போன பிறகும் நிறுத்த முடியாமல்.

256 ஜிபி என்று பெட்டியில் போட்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் செருகினால் 238 என்று காட்டுகிறது. 18 ஜிபியைத் திருடிவிட்டார்களா? — மயூர் விஹார், ஓய்வுபெற்ற ஆசிரியர்

இல்லை ஐயா. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, கம்ப்யூட்டர் 1,024-ஆக எண்ணுகிறது. அளக்கும் மரக்கால்தான் வேறு, நெல் அதே நெல். அதன் பிறகு போனின் சொந்த மென்பொருள் வேறு இடம் எடுத்துக்கொள்ளும். அதைப் பெட்டியின் மூலையில் எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள்.

128 ஜிபி வாங்கினேன். ஒரே மாதத்தில் நிரம்பிவிட்டது. கடைக்காரர் 256-ஆக மாற்றித் தர மறுக்கிறார். கேஸ் போடலாமா? — துவாரகா வாசகர்

எந்தக் குற்றத்துக்கு? 128 கேட்டீர்கள், 128 கொடுத்தார்.

கேமராவில் வீடியோவை 4கே தெளிவில், நொடிக்கு 60 பிரேமில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஐபோனில் அது நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி. பிள்ளையின் ஆண்டுவிழா நடனம் பத்து நிமிடம் என்றால் 4 ஜிபி போயிற்று. 1080, 30 பிரேமுக்கு மாற்றினால் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பிதான். பாட்டி பார்ப்பதற்கு அது போதும்.

கரோல் பாக்கில் ஒரு கடையில் 38,000 கொடுத்து பழைய போன் வாங்கினேன். பெட்டியில் 256. வீட்டுக்கு வந்து பார்த்தால் போனில் 128. பெட்டியில் இருக்கும் ஐஎம்இஐ எண்ணும் (போனின் அடையாள எண்) போனில் இருப்பதும் வேறு வேறு. பில் தரவில்லை. பணம் யுபிஐ-யில் அனுப்பினேன். திரும்பப் போனால், "அப்போதே பார்த்திருக்க வேண்டும்" என்கிறார். என் மூன்று மாதச் சேமிப்பு மேடம். — நர்ஸ் ஒருவர்

முதலில் ஒன்று, இது உங்கள் முட்டாள்தனம் இல்லை. நைட் ட்யூட்டி முடித்த கையோடு கடைக்குப் போயிருக்கிறீர்கள் என்று கடிதத்தின் கீழே எழுதியிருக்கிறீர்கள். பெட்டியை மாற்றி வைத்தவன்தான் தலைகுனிய வேண்டும்.

பில் இல்லை என்று பயப்படாதீர்கள். யுபிஐ பதிவு, கடையோடு பேசிய வாட்ஸ்அப், பெட்டி, மூன்றும் ஆதாரம். ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அடித்தால் போனின் எண் வரும். பெட்டியை அதன் பக்கத்தில் வைத்து இரண்டு எண்ணும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி எடுத்து வையுங்கள். அந்த எண்ணை உடனே சோதியுங்கள். கே-ஒய்-எம் என்று மூன்று ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, 15 இலக்க எண், இப்படி 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தடை செய்யப்பட்ட போன் என்று பதில் வந்தால் விஷயம் போலீஸுக்குப் போக வேண்டியது.

இல்லையென்றால் 1915-க்குக் கூப்பிடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு கடைக்கு எழுத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். பாதிப் பேர் அதிலேயே இறங்கி வருவார்கள். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருடச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் அவகாசம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கடைக்குத் தனியாகப் போக வேண்டாம். துணைக்கு ஆள் இல்லை என்றால் மறுபடி எழுதுங்கள், நானே வருகிறேன்.

499 ரூபாய்க்கு 2 டிபி, அதாவது 2,000 ஜிபி, பென் டிரைவ் வருகிறது. போனில் இருப்பதை அதில் போட்டுவிட்டால் 128 போனே போதுமே? — ரோகிணி வாசகர்

வாங்காதீர்கள். நான் வாங்கியிருக்கிறேன்.

சில வருடம் முன் நடைபாதையில், 1 டிபி என்றார்கள், 600 ரூபாய். இந்தப் பத்தியை எழுதுகிறவள் நான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி சிப். ஆனால் 1 டிபி என்று பொய் சொல்லும்படி எழுதி வைத்திருப்பார்கள். நிரம்பிய பிறகும் ஏற்றிக்கொண்டே இருக்கும், தப்பு என்றே சொல்லாது. எனக்கு எல்லா போல்டரும் தெரிந்தது: "திருவையாறு", "அம்மா சதாபிஷேகம்", "மலை மந்திர் பங்குனி உத்திரம்". முதல் போல்டர் திறந்தது. இரண்டாவதில் அப்பா அம்மாவுக்கு மாலை போடும் படத்தில் மேல் கால்வாசி மட்டும் வந்தது, மாலையும் அப்பாவின் கையும். அதற்குக் கீழே சாம்பல் நிறம். மீதி எதுவும் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அந்த பென் டிரைவ் இன்னும் மேஜை டிராயரில் கிடக்கிறது.

நோ-காஸ்ட் இஎம்ஐ என்றால் நிஜமாகவே வட்டி இல்லையா? — ஆர்.கே.புரம் வாசகி

வட்டி உண்டு, அதே அளவுக்குத் தள்ளுபடி கொடுத்து மறைக்கிறார்கள். கிரெடிட் கார்டு இஎம்ஐ என்றால் அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில். ப்ராசஸிங் பீஸ் தனி. மொத்தப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்தால் என்ன குறைப்பீர்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மாமியாருக்கு 60 வயது. 17 ப்ரோ, 1 டிபி, 1,74,900 ரூபாய்க்குப் பார்த்து வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் மட்டும்தான் பார்ப்பார். பெரிசாக இருந்தால் நிரம்பாதே என்று. — நொய்டா மருமகள்

குட்மார்னிங் பூக்களுக்கு ஒரு டிபியா? வாட்ஸ்அப் செட்டிங்ஸில் மீடியா தானாக இறங்குவதை நிறுத்துங்கள். மாமியாரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.