ஆக்சஸ் முகப்பு, எஸ்கியூஎல் சர்வர் கிடங்கு: இணைப்பதில் வரும் சிக்கல்கள்

கேள்வி: சார், டேபிளை லிங்க் பண்ணப் போனால் டிரைவரும் அப்ளிகேஷனும் ஆர்கிடெக்சரில் பொருந்தவில்லை என்கிறது. விண்டோஸ் 64 பிட்தான்.

பதில்: விண்டோஸ் எத்தனை பிட் என்பது இங்கே கணக்கில்லை, ஆபீஸ் எத்தனை பிட் என்று பாருங்கள். ஃபைல், அக்கவுண்ட், அபவுட் ஆக்சஸ் போனால் தெரியும். 32 என்றால் டிஎஸ்என்னை (சர்வர் இணைப்பு விவரங்களைச் சேமித்து வைக்கும் பெயர்) 32 பிட் ஓடிபிசி (தரவுத்தளத்தோடு இணைக்கும் முறை) நிர்வாகியில்தான் உருவாக்க வேண்டும். அது இருப்பது சிஸ்வாவ்64 ஃபோல்டரில். 64 பிட் நிர்வாகி இருப்பதோ சிஸ்டம்32-இல்! பெயரை நம்பினால் ஏமாறுவீர்கள்.

கேள்வி: எஸ்கியூஎல் சர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸ் போட்ட கணினியில் எல்லாம் ஓடுகிறது. பக்கத்து மேசையிலிருந்து சர்வரே தெரியவில்லை.

பதில்: எக்ஸ்பிரஸில் டிசிபி/ஐபி (நெட்வொர்க் வழி இணைப்பு) அணைந்தே வரும். எஸ்கியூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதை இயக்குங்கள். அங்கேயே ஐபிஆல் பகுதியில் டைனமிக் போர்ட் கட்டத்தைக் காலியாக்கி, டிசிபி போர்ட்டில் 1433 கொடுங்கள். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால்தான் மாற்றம் ஏறும். ஃபயர்வாலில் உள்வரும் டிசிபி 1433-ஐத் திறங்கள். இணைக்கும்போது சர்வர் பெயர், காற்புள்ளி, 1433 என்று எழுத வேண்டும். பலர் முக்காற்புள்ளி போட்டுவிட்டுத் தேடுகிறார்கள். இப்படிச் செய்தால் எஸ்கியூஎல் சர்வர் பிரௌசர் சர்வீஸும் யுடிபி 1434-உம் தேவையில்லை.

கேள்வி: ஓடிபிசி டிரைவர் 17-இலிருந்து 18-க்கு மாறியதும் சான்றிதழை நம்ப முடியாது என்கிறதே?

பதில்: 18-இல் என்கிரிப்ஷன் (தகவலை மறையாக்கி அனுப்புவது) இயல்பாகவே கட்டாயம். உள் நெட்வொர்க் என்றால் டிஎஸ்என்னில் 'டிரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட்' டிக் போதும். வெளியிலிருந்து இணைப்பவர்களுக்கு முறையான சான்றிதழ் போடுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் ஒருத்தன்தான் வேலை செய்கிறேன். சேவ் பண்ணினால் 'இந்த ரெக்கார்டை வேறொருவர் மாற்றிவிட்டார்' என்று வருகிறது!

பதில்: வேறொருவர் யாரும் இல்லை, உங்கள் பிட் காலத்தில் (ஆம்/இல்லை பத்தி) நல் (மதிப்பே இல்லாத வெற்று நிலை) இருக்கிறது. ஆக்சஸின் யெஸ்/நோவுக்கு நல் தெரியாது. அதை 0 என்று படிக்கிறது. சேவ் செய்யும்போது, பழைய மதிப்பு 0 ஆக இருக்கும் வரியைத் தேடுகிறது. சர்வரில் இருப்பது நல் என்பதால் வரி அகப்படாது. அகப்படாத வரியை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று அது முடிவு கட்டிவிடுகிறது. நல் எல்லாவற்றையும் 0 ஆக்கி, காலத்துக்கு நாட் நல், டிஃபால்ட் 0 கொடுங்கள். ஃப்ளோட் (தசம எண்) காலத்திலும் தசமம் உருளும்போது இதே வம்பு வரும். எனவே டேபிளில் ஒரு ரோவெர்ஷன் (வரி மாறும்போதெல்லாம் தானே மாறும் மதிப்பு) காலமும் சேர்த்துவிடுங்கள். பிறகு ஆக்சஸ் பிரைமரி கீயையும் (வரியின் தனி அடையாளம்) அதையும் மட்டுமே ஒப்பிடும். சர்வர் டேபிள் டிசைனரின் வகைப் பட்டியலில் அது டைம்ஸ்டாம்ப் என்ற பெயரில் இருக்கும், தேதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சேர்த்த பின் லிங்க்டு டேபிள் மேனேஜரில் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

கேள்வி: லிங்க் ஆன டேபிளில் டைப் அடிக்கவே விடவில்லை.

பதில்: பிரைமரி கீ இல்லை. சர்வரில் வைத்துவிட்டு மறுபடி லிங்க் செய்யுங்கள்.

கேள்வி: 2 லட்சம் வரி உள்ள பில் டேபிள். மாத அறிக்கை ஊர்ந்து வருகிறது.

பதில்: நிபந்தனையில் ஆக்சஸின் நிரல்மொழியான விபிஏவில் நீங்களே எழுதிய ஃபங்ஷன் இருக்கிறதா? சர்வருக்கு அது புரியாது. வரிகளையெல்லாம் இழுத்து வந்து ஆக்சஸே வடிகட்டும். மாதத்தை ஃபங்ஷனால் பிரிக்காமல், முதல் தேதி முதல் அடுத்த மாத முதல் தேதிக்கு முன் வரை என்று கேளுங்கள். தேதிக் காலத்துக்கு இண்டெக்ஸும் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) வேண்டும். கனமான அறிக்கைக்குப் பாஸ்-த்ரூ குவெரி (அப்படியே சர்வருக்குப் போய் அங்கேயே ஓடுவது) நல்லது. ஆனால் அதில் திருத்த முடியாது. அதில் எழுதும் லைக்கில் (பகுதிச் சொல் தேடல்) நட்சத்திரத்துக்குப் பதில் சதவீதக் குறி போட வேண்டும். ஃபார்மையும் முழு டேபிளோடு திறக்காதீர்கள், ஒரு பில் எண்ணோடு திறங்கள்.