மரியா அன்டோனியாவின் மாணவி

வணக்கம் சார்,

அமெரிக்கப் பழங்குடிகளான நவாஹோக்களிடையே ஆய்வு செய்த மானிடவியலாளர் கிளாடிஸ் ரைக்கார்ட் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நான் மொழியியல் முதுகலை மாணவன். என் பேராசிரியரிடம் அதைக் காட்டினேன். "ரைக்கார்டின் நவாஹோ இலக்கணத்தை இப்போது யாரப்பா பார்க்கிறார்கள், உருப்படியாக வேறு ஏதாவது படி" என்று சிரித்துவிட்டார். கொஞ்சம் தேடிப் பார்த்ததில் அவர் சொன்னது சரி என்றே தோன்றுகிறது. மொழியியலாளர் எட்வர்ட் சபீரும் அவர் மாணவர்களும் போட்ட வழியில்தான் பிறகு எல்லோரும் போயிருக்கிறார்கள். முப்பது வருடம் ஒரே மக்களிடம் திரும்பத் திரும்பப் போய், கடைசியில் தன் துறையே ஏற்றுக்கொள்ளாத ஒரு இலக்கணத்தை எழுதியவரை நீங்கள் 'பெரிய வாழ்க்கை' என்கிறீர்கள். எந்தக் கணக்கில்?

இன்னொன்று. நியூயார்க்கிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியை போய், பிறர் வீட்டில் தங்கி, அவர்கள் நெசவையும் சடங்கையும் கற்றுப் புத்தகமாகப் போடுகிறார். இது சுரண்டல் இல்லையா? கோபத்தில் கேட்கவில்லை. எனக்கும் களப்பணிக்குப் போகும் ஆசை இருக்கிறது, அதனால் கேட்கிறேன். அவர் புத்தகங்களில் எதை முதலில் படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

எஸ்.ஆர்., ஈரோடு

அன்புள்ள எஸ்.ஆர்.,

உங்கள் பேராசிரியர் சொன்னதில் தப்பில்லை. நவாஹோ இலக்கணம் கற்க ரைக்கார்டிடம் போக வேண்டாம். ராபர்ட் யங்கும், நவாஹோக்காரரான வில்லியம் மார்கனும் சேர்ந்து செய்த அகராதியும் இலக்கணமும் இருக்கின்றன. 1943இல் ஒரு வடிவம், 1980இல் மிகப் பெரிய வடிவம். அதைத் தாண்டி 1951இல் வந்த ரைக்கார்டின் இலக்கணத்தைப் புரட்டுகிறவர்கள் துறையின் வரலாறு எழுதுகிறவர்கள்தான்.

இந்த விஷயத்தில் உங்கள் பேராசிரியர் சபீர் பக்கம் நிற்பதும் இயல்பு. திராவிட மொழிகளை ஆராய்ந்த எமனோ அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சபீரிடம் பயின்றவர். 1935இல் நீலகிரிக்கு வந்து தோடர், கோத்தர் மொழிகளை அந்த முறையில்தான் பதிவு செய்தார். பிறகு பர்ரோவோடு சேர்ந்து அவர் உருவாக்கிய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இல்லாமல் உங்கள் வகுப்பே நடக்காது. ரைக்கார்டை ஓரம் கட்டிய அதே முறை நமக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. அதை மறைத்துவிட்டு நான் ரைக்கார்டுக்கு வக்காலத்து வாங்க முடியாது.

ஆனால் நீங்கள் இலக்கணத்தை மட்டும் தராசில் வைக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை.

ரைக்கார்ட் 1893இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியலாளர் ஃப்ரான்ஸ் போவாஸின் மாணவி. கலிபோர்னியாவின் வியோட் மொழி இலக்கணத்துக்காக முனைவர் பட்டம் வாங்கினார். பட்டம் வருமுன்பே, 1923இல், பர்னார்ட் பெண்கள் கல்லூரியில் வேலை கிடைத்தது. அந்த வேலைக்குப் போவாஸின் இன்னொரு மாணவி ரூத் பெனடிக்ட்டும் பொருத்தமானவர்தான்; அவருக்குக் கணவர் இருக்கிறார், ரைக்கார்டுக்குத்தான் சம்பளம் தேவை என்று போவாஸ் முடிவு செய்ததாகச் சொல்வார்கள். அந்தக் காலத்துப் பெண் ஆய்வாளர்களின் வாழ்க்கை இப்படிப்பட்ட முடிவுகளில்தான் திரும்பியிருக்கிறது. கல்லூரி நடக்கும் மாதங்களில் பாடம், கோடை வந்தால் அரிசோனா. சாகும்வரை பெரும்பாலும் இதே ஓட்டம்தான்.

முதல் சில கோடைகளில் எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார். மானிடவியலாளர் பிளைனி கோடார்டோடு சேர்ந்து நவாஹோ நாட்டில் சுற்றி, யார் எந்தக் குலம், யாருக்கு யார் என்ன உறவு என்று கேட்டுக் கேட்டு எழுதினார். 1928இல் அது புத்தகமாக வந்தது. குலமும் வம்சாவளியும் விவரமாக இருக்கும் உழைப்பான புத்தகம். படித்தால் தூக்கம் வரும். மனிதர்கள் பெயராக மட்டும் நிற்கிறார்கள்.

அந்த வருடமே கோடார்ட் இறந்துபோனார். 1930இல் ரைக்கார்ட் தனியாகத் திரும்பி வந்தபோது கேட்டது வேறு. அரிசோனாவின் கனாடோவில் வணிக நிலையம் வைத்திருந்த ஹபெல் குடும்பத்தின் ரோமன் ஹபெலிடம், தான் தங்கி நெசவு கற்றுக்கொள்ள ஒரு நவாஹோ குடும்பம் வேண்டும் என்றார். அப்படித்தான் மிகுவேலிட்டோ என்ற மந்திரப் பாடகரின் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தார். சடங்குப் பாட்டால் நோய் தீர்க்கிறவர் மிகுவேலிட்டோ. ரைக்கார்ட் தன் புத்தகத்தில் அவரை ரெட் பாயிண்ட் என்று எழுதுகிறார். மனைவி மரியா அன்டோனியா. மகள்கள் மரீ, அட்ல்னாபா. மூவரும் கை தேர்ந்த நெசவுக்காரிகள்.

இந்த ஒரு முடிவை நான் ரைக்கார்டின் வாழ்க்கையிலேயே பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நவாஹோ தறி நிமிர்ந்து நிற்பது. நெய்கிறவள் தரையில் உட்கார்ந்து கீழிருந்து மேலே நெய்துகொண்டு போவாள். நாடா கிடையாது. நிறம் மாறும் இடத்திலெல்லாம் ஊடையைக் கையால் கோத்து, மரச் சீப்பால் அடித்து இறுக்க வேண்டும். பாவு அதற்கு முன்பே ஒரே நூலாகச் சட்டத்தில் ஓட்டித் தயாராக இருக்க வேண்டும். ஆட்டு மயிரைச் சிக்கெடுத்து, தொடைமேல் கதிரை உருட்டி நூற்பது அதற்கும் முந்திய வேலை. புதிதாக உட்காருகிறவளுக்கு இரண்டு சிக்கல் நிச்சயம். ஒன்று, நெய்யநெய்ய ஓரம் உள்வாங்கிக் கம்பளத்துக்கு இடுப்பு வந்துவிடும். இன்னொன்று, கடைசி சில அங்குலம். பாவு விறைத்து, கையே நுழையாது. மெல்லிய குச்சியும் ஊசியும் வைத்துத்தான் முடிக்க முடியும். வருடக்கணக்காக நெய்கிறவர்களே முணுமுணுக்கும் இடம் அது.

இதில் வாய்விளக்கம் என்பது குறைவு. பார்க்க வேண்டும், செய்ய வேண்டும், தப்பாகப் போனால் மரீ வந்து பிரித்துப் போட்டுக் காட்டுவாள். கொலம்பியாவில் முனைவர் பட்டம் வாங்கிய முப்பத்தேழு வயதுப் பெண் அந்த வீட்டில் இருப்பவர்களிலேயே மோசமான நெசவுக்காரி. அவருடைய கம்பளம் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டியவர் மரியா அன்டோனியா. நோட்டும் பென்சிலுமாகக் கேள்வி கேட்கப் போகிறவருக்குப் பதில் கிடைக்கும். கற்றுக்கொள்ளப் போகிறவருக்குத் திருத்தம் கிடைக்கும். அந்த மக்கள் எதைக் கவனிக்கிறார்கள், எது போனால் போகட்டும் என்று விடுகிறார்கள், எதற்கு முகம் சுளிக்கிறார்கள் என்பதெல்லாம் இந்தத் திருத்தத்தில்தான் தெரியும். 1934இல் வந்த 'ஸ்பைடர் வுமன்' புத்தகம் அதனால்தான் 1928 புத்தகம்போல் இல்லை. அதில் ஆட்கள் நடமாடுகிறார்கள், கேலி செய்கிறார்கள், ஆடு தொலைகிறது, மழை வரமாட்டேன் என்கிறது.

மொழிக்கும் இதில் பங்கு உண்டு. மொழியியல் மாணவர் என்பதால் உங்களுக்கு இது சுவைக்கும். நவாஹோவில் ஒரு பொருளைக் கொடுப்பது, எடுப்பது, வைப்பது எல்லாவற்றுக்கும் அந்தப் பொருளின் உருவத்தைப் பொறுத்து வினையடி மாறும். தறிக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே அதில் பாதி வந்துவிடும். நூல் உருண்டை திரண்ட பொருள், அதற்கு ஒரு வினை. தனி நூல் நீண்டு வளைவது, அதற்கு வேறு. ஊடைக்கு வழிவிடச் செருகும் பலகை நீண்டு விறைத்தது, அது வேறு. நூற்காத ஆட்டு மயிர் பொசுபொசுவென்று கிடப்பது, அதற்கு ஒன்று. முடித்த கம்பளம் தட்டையாக மடியக்கூடியது, அதற்கும் ஒன்று. 'அதை எடு' என்று மரீ சொல்லும்போதே எதை என்பது வினையிலேயே வந்துவிடும். தகவலாளி ஒருவரை மேசைக்கு எதிரே உட்காரவைத்தும் இதை எழுதி வாங்கலாம். ஆனால் கையில் நூலோடு கேட்கிறவருக்கு அது வேறு மாதிரி ஏறும்.

சரி, இவ்வளவு நெருங்கி இருந்தவர் இலக்கணத்தில் ஏன் தோற்றார்? என் கணிப்பு, அதே குணத்தால்தான் தோற்றார்.

சபீர் 1929இல் நியூ மெக்சிகோவின் கிரிஸ்டலில் மாணவர்களோடு வந்து நவாஹோவைப் படித்தார். அபாரமான காது. பொருளை வேறுபடுத்தும் ஒலி எது, வெறும் உச்சரிப்பு வேறுபாடு எது என்று பிரித்து ஒழுங்கான ஒரு ஒலியன் அமைப்பைக் கட்டினார். பிரான்சிஸ்கன் பாதிரியார் பெரார்ட் ஹெய்ல் அவரோடு சேர்ந்தார். பின்னால் ஹாரி ஹோய்ஜர் அதை எடுத்துச் சென்றார். ரைக்கார்ட் இந்த ஒழுங்குக்குள் வர மறுத்தார். ஒரு ஊர்க்காரர் ஒரு மாதிரி சொல்கிறார், அடுத்தவர் வேறு மாதிரி சொல்கிறார், நான் கேட்டதைத்தான் எழுதுவேன் என்பது அவர் கட்சி. இன்றைய நவாஹோ தேசம் பரப்பில் தமிழ்நாட்டின் பாதியை விடப் பெரியது. பேச்சு ஒரே மாதிரி இருக்காது என்பது உண்மைதான். ஆனால் வேறுபாட்டை மதிப்பது ஒன்று, அதை அடுக்கிக் காட்டாமல் விடுவது வேறொன்று. அவர் இலக்கணத்தில் படிக்கிறவர் பிடித்துக்கொள்ளக் கிளை கிடைப்பதில்லை.

சபீர் வட்டம் அவரை நடத்திய விதமும் அழகாக இல்லை. அந்த வட்டத்தின் கடிதங்களில் அவரைப் பற்றி நல்ல வார்த்தை அபூர்வம். பெண் மொழியியலாளர்களைப் பற்றி எழுதிய ஜூலியா ஃபால்க் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் எல்லாப் பழியையும் அங்கே போட எனக்கு மனமில்லை. ரைக்கார்டுக்குப் பிடிவாதமும் இருந்தது. நவாஹோக்காரரான அடால்ஃப் பிட்டானியோடு சேர்ந்து 1940இல் வினைகளைப் பற்றி எழுதினார், அந்த ஊர்க்காரரின் பெயரைத் தன் பெயரோடு ஆசிரியராகப் போட்டார். அப்போது அது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை. அதே ரைக்கார்ட், எதிர்முகாம் சொல்வதில் சரக்கு இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளாமலே போய்விட்டார்.

அந்தப் பிடிவாதம் சடங்குகளிடம் வந்தபோது பெரிய வரமாகிவிட்டது. நவாஹோ பிரார்த்தனையை ஒரு சொல் பிசகாமல் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் தெய்வம் கட்டுப்பட்டே ஆகவேண்டும் என்பது நம்பிக்கை. 1944இல் ரைக்கார்ட் எழுதிய சிறு நூல் இதைத்தான் எடுத்துப் பேசுகிறது. ஒரே வரி திசையும் நிறமும் மாறி மாறித் திரும்ப வருவதை, சலிப்பான மீள்கூறல் என்று தள்ளாமல் வரிவரியாக அலசுகிறது. அப்புறம் 1950இல் இரண்டு தொகுதிகளாக 'நவாஹோ ரிலிஜன்'. தெய்வம், நிறம், எண், பாட்டு, பிரார்த்தனைக் குச்சி என்று ஒவ்வொன்றும் எந்தச் சடங்கில் எப்படி மாறுகிறது என்ற பட்டியல்களே அதில் பெரும் பகுதி. எதையும் வழித்துச் சமன்செய்யாத அந்தக் காதும் கையும் அங்கே பொருத்தமான வேலையைக் கண்டுபிடித்துவிட்டன.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தாய், தகப்பன், பிள்ளைகள், ஒரு மானிடவியலாளர், இதுதான் நவாஹோ குடும்பம் என்று ஒரு பழைய நகைச்சுவை உண்டு. சிரிப்புக்குப் பின்னால் எரிச்சல் இருக்கிறது. 1969இல் சூ இனத்தவரான வைன் டெலோரியா மானிடவியலாளர்களை வறுத்தெடுத்தபோது அந்த எரிச்சல் பல பழங்குடிகளிடமும் எதிரொலித்தது. மணல் ஓவியம் சடங்கு முடிந்ததும் அன்றைக்கே அழிக்கப்பட வேண்டியது. அதை வண்ணப் படமாக அச்சிட்டு நூலக அலமாரியில் வைப்பது தப்பு என்று சொல்லும் நவாஹோக்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதற்கு என்னிடம் பதில் கிடையாது.

ஆனால் மிகுவேலிட்டோவை ஏமாந்த அப்பாவியாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். ரைக்கார்ட் அவர் வீட்டுக்கு வரும் முன்பே, ஃப்ரெட் ஹார்வி கம்பெனியின் ஜான் ஹக்கெலுக்காகத் தன் மணல் ஓவியங்களைக் காகிதத்தில் பதியச் செய்தவர் அவர். ரைக்கார்ட் 1939இல் வெளியிட்டது அந்தச் சேகரத்தைத்தான். ஹோஸ்டீன் க்ளா என்ற இன்னொரு பெரிய பாடகர் மணல் ஓவியத்தைக் கம்பளத்திலேயே நெய்தார். அக்கம்பக்கத்தில் பெரிய பயமும் சண்டையும் கிளம்பியது. எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்ற வழக்கு நவாஹோக்களுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. ரைக்கார்ட் அதில் ஒரு பக்கத்தின் விருந்தாளி. சுரண்டல் என்ற சொல்லைப் பயன்படுத்துமுன் இதையும் கணக்கில் எடுங்கள் என்பேன், அவ்வளவுதான்.

உண்மையான கொள்ளை பக்கத்திலேயே நடந்தது. 1933இல் இந்திய விவகார ஆணையராக வந்த ஜான் காலியர் பழங்குடிப் பண்பாட்டின் மேல் பிரியம் கொண்டவர். 1934 கோடையில் ரைக்கார்ட் ஒரு ஹோகனில், அதாவது நவாஹோ வீட்டில், பெரியவர்களுக்கு அவர்கள் மொழியையே எழுதக் கற்றுக்கொடுத்தது காலியர் நிர்வாகத்தின் ஆதரவில்தான். ஒரு கோடையோடு அது நின்றது. அதே நிர்வாகம், மேய்ச்சல் நிலம் தாங்காது, மண் அரித்து அணையில் சேர்கிறது என்று சொல்லி ஆடுகளைக் குறைக்க உத்தரவிட்டது. பல இடங்களில் ஆடுகளைச் சுட்டு அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். நவாஹோவில் ஆடு பெரும்பாலும் பெண்களின் சொத்து. பெண்களைக் கேட்காமல் எடுத்த முடிவு. மானிடவியலாளரை மறந்தாலும் இதை இன்றுவரை மறக்கவில்லை அவர்கள்.

நீங்கள் களப்பணிக்குப் போவதானால், இப்போது நவாஹோ தேசத்துக்கே ஆய்வுக்கு அனுமதி தரும் வாரியம் இருக்கிறது, 1996 முதல். மனிதர்களிடம் ஆய்வு செய்ய அதன் ஒப்புதல் வேண்டும். 1968இல் அவர்களே தொடங்கிய கல்லூரியில் அவர்கள் மொழியை அவர்களே கற்பிக்கிறார்கள். ஹபெலுக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டுப் பெட்டியோடு போய் இறங்கும் காலம் முடிந்துவிட்டது, நல்லதற்குத்தான். உங்கள் களம் எதுவோ தெரியவில்லை. எங்கே போனாலும், அங்குள்ளவர்கள் உங்களைத் திருத்தக்கூடிய ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் 'ஸ்பைடர் வுமன்' படியுங்கள். பிறகு 1936இல் வந்த நெசவு நூல். படங்கள் தெளிவாக இருக்கும். தறியை நேரில் பார்த்தவர் என்றால் இன்னும் நன்றாகப் புரியும். ஈரோட்டில் அதற்குப் பஞ்சமில்லை. 'நவாஹோ ரிலிஜன்' முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கிற புத்தகம் இல்லை. ஒரு சடங்கை எடுத்துக்கொண்டு பட்டியலில் அது வரும் இடங்களைத் துரத்திக்கொண்டே போங்கள். இலக்கணத்தைப் பேராசிரியர் சொன்ன மாதிரியே விட்டுவிடலாம்.