கேள்வி–பதில்: செய்தி சேனலைத் தட்டிக் கேட்க வழி உண்டா?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணி என்று பழைய வட ஆற்காட்டின் நாலா பக்கமிருந்தும் இந்த முறை வந்தவை பெரும்பாலும் டி.வி., கேபிள் பற்றிய கேள்விகள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கே: எங்கள் தெருவில் வண்டி நிறுத்துவதில் வந்த தகராறு அது. ஒரு செய்தி சேனல் அதைச் சாதி மோதல் என்று நாள் முழுக்க ஓட்டியது. போன் போட்டால் எடுப்பதில்லை. பிரஸ் கவுன்சிலுக்கு எழுதலாமா? – குடியாத்தம் வாசகி

ப: எழுதிப் பயனில்லை. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் பிரஸ் கவுன்சில், பத்திரிகைகளையும் செய்தி நிறுவனங்களையும் மட்டுமே விசாரிக்கும். டி.விக்கு 1995ஆம் ஆண்டு கேபிள் டெலிவிஷன் சட்டமும், அதன் 1994ஆம் ஆண்டு விதிகளும்தான். (விதி எப்படிச் சட்டத்துக்கு மூத்தது என்று கேட்காதீர்கள். முதலில் அவசரச் சட்டமாக வந்தது, அப்போதே விதியும் எழுதிவிட்டார்கள்.)

2021 ஜூன் மாதம் விதிகளில் வந்த திருத்தம் மூன்று படிகளை வைத்திருக்கிறது. முதல் படி சேனலேதான். அதன் குறைதீர்ப்பு அதிகாரியின் முகவரி சேனலின் இணையதளத்தில் இருக்க வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், போன் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை, 15 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் உறுப்பினராக உள்ள சுய ஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு. அங்கே ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவராக இருப்பார், 60 நாளில் முடிக்க வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம்.

காரியம் கெடுவது பெரும்பாலும் நாள் கணக்கில்தான். செய்தி சேனல்களின் பழைய சுய ஒழுங்கு அமைப்பான என்.பி.டி.எஸ்.ஏ., ஒளிபரப்பான 7 நாளுக்குள் சேனலுக்கு முதல் புகார் போயிருக்க வேண்டும் என்கிறது. ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லி, வக்கீலைப் பார்த்து, நல்ல நாள் பார்த்து எழுதுவதற்குள் அது கடந்துவிடும். அன்றைக்கே அனுப்புங்கள். இன்னொன்று, யூடியூபில் அந்தத் துணுக்கு இருக்கிறதே என்று நம்பி இருக்காதீர்கள். புகார் போனதும் எடுத்துவிடுவார்கள். டி.வி. திரையையே செல்போனில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சேனல் தன் ஒளிபரப்பை 90 நாள் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். "அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கக் கோருகிறேன்" என்ற வரியைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்: 'உங்கள் சேனலில் இன்ன தேதி இரவு 8.12 முதல் 8.19 வரை வந்த செய்தியில் "இரு சாதியினர் மோதல்" என்று ஆறு முறை சொல்லப்பட்டது. தகராறு வாகனம் நிறுத்துவது பற்றியது. முதல் தகவல் அறிக்கையில் சாதி பற்றி எதுவும் இல்லை, நகல் இணைத்துள்ளேன். இது விதி 6(1)(சி), 6(1)(டி) ஆகியவற்றுக்கு எதிரானது. அதே நேரத்தில் திருத்தம் ஒளிபரப்பக் கோருகிறேன்.' சி என்பது சமூகங்களைத் தாக்குவது, டி என்பது வேண்டுமென்றே பொய்யும் அரைகுறை உண்மையும் சொல்வது. சேனலையே மூடு, ஒரு கோடி கொடு என்றெல்லாம் எழுதினால் மொத்தக் கடிதமும் ஆத்திரத்தில் எழுதியதாகப் போய்விடும்.

என்.பி.டி.எஸ்.ஏ. போடக்கூடிய அபராதம் அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். பெரிய சேனலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. திரையில் வருத்தம் தெரிவிக்கச் சொல்வதும், வீடியோவை நீக்கச் சொல்வதும்தான் கொஞ்சம் சுடும். கேட்பதையும் அந்த அளவில் கேளுங்கள்.

கே: கேபிளில் உள்ளூர்ச் செய்தி நடத்துகிறோம். ஒரு செய்தி பிடிக்காவிட்டால் 'நிறுத்திவிடுவோம்' என்று போன் வருகிறது. யாருக்கு அந்த அதிகாரம்? – வாலாஜாபேட்டை வாசகர்

ப: கேபிள் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி மாவட்ட ஆட்சியர், சப்-கலெக்டர் அல்லது கோட்டாட்சியர், போலீஸ் கமிஷனர் ஆகியோர் நிறுத்தலாம். அரசு தனியாக அறிவித்தால் வேறு அதிகாரியும் சேரலாம். உங்கள் மாவட்டத்தில் கமிஷனர் கிடையாது, எஸ்.பி. அந்தப் பட்டியலில் இல்லை. யார் நிறுத்தினாலும் உத்தரவு எழுத்தில் வர வேண்டும். விதிகளை மீறியது என்றோ, மதம், மொழி, சாதி அடிப்படையில் பகை மூட்டும் என்றோ காரணம் இருக்க வேண்டும். போன் உத்தரவாகாது. "கடிதமாகக் கொடுங்கள் சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பல மிரட்டல்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

ஆனால் உங்கள் காகிதங்கள் சரியாக இருந்தால்தான் அப்படிக் கேட்க முடியும். உள்ளூர் சேனல்கள் விழுவது செய்தியால் அல்ல, காகிதத்தால்தான். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் 2022 நவம்பர் 30 வழிகாட்டுதலின்படி உங்கள் சேனலுக்கு 'பிளாட்ஃபார்ம் சர்வீஸ்' என்று பெயர். பதிவு எம்.எஸ்.ஓ. (உள்ளூர் ஆபரேட்டர்களுக்குச் சிக்னல் தரும் பெரிய கேபிள் நிறுவனம்) பெயரில், ஒரு சேனலுக்கு ஒருமுறைக் கட்டணம் 1,000 ரூபாய். சினிமாப் பாட்டு மட்டும் போடுவதானால் எந்த வகை எம்.எஸ்.ஓ.வும் நடத்தலாம். உள்ளூர்ச் செய்தி போட வேண்டுமென்றால் அந்த எம்.எஸ்.ஓ. கம்பெனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். கூட்டாளி ஒப்பந்தமோ தனி ஆள் பெயரோ செல்லாது. திரையில் 'பிளாட்ஃபார்ம் சர்வீஸ்' என்ற எழுத்து ஓட வேண்டும். 90 நாள் பதிவு இங்கேயும் உண்டு, ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிந்துவிடாதீர்கள்.

ஒரே செய்தியை இரண்டு எம்.எஸ்.ஓ.க்களுக்குக் கொடுப்பதும் கூடாது, ஒரு பிளாட்ஃபார்ம் சர்வீஸ் ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே. கோயில் போன்ற வழிபாட்டு இடங்களிலிருந்து வரும் நேரலைக்கு விலக்கு இருக்கிறது. ஆக, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை எல்லோரும் பகிர்ந்து காட்டலாம், குடியாத்தம் குப்பைப் பிரச்சினையைப் பகிர முடியாது.

கேபிள் ஆபரேட்டர் பதிவும் மாறிவிட்டது. முன்பு தலைமைத் தபால் நிலையத்தில் 500 ரூபாய் கட்டி வருடந்தோறும் புதுப்பித்தோம். 2025 ஜனவரியிலிருந்து மத்திய அமைச்சகத்தின் பிராட்காஸ்ட் சேவா இணையதளத்தில்தான், 5,000 ரூபாய், 5 வருடத்துக்கு. முடிய 90 நாள் இருக்கும்போதே புதுப்பிக்க மனு போட வேண்டும். சட்டத்தை மீறினால் முன்பு சிறைத் தண்டனை இருந்தது. 2023 ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை எடுத்துவிட்டு எச்சரிக்கை, கண்டனம், அபராதம் என்று ஆக்கியது. முதல் தவறுக்கு 20,000 ரூபாய் வரை. தாலுகா அளவில் ஓடும் சேனலுக்கு அதுவும் ஒரு மாத விளம்பர வரவாக இருக்கும்.

கே: பண்பலையில் நாள் முழுக்கப் பாட்டும் அரட்டையும்தான். எங்கள் ஊர்ச் செய்தியை ஏன் சொல்வதில்லை? – காட்பாடி வாசகர்

ப: சொல்ல அனுமதி இல்லை. தனியார் பண்பலையும் சமுதாய வானொலியும் ஆல் இந்தியா ரேடியோ செய்தியை அட்சரம் மாறாமல் மறு ஒலிபரப்பலாம், சொந்தச் செய்தி கூடாது. போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, மின்தடை, குடிநீர், மாவட்ட நிர்வாகம் தரும் பேரிடர் எச்சரிக்கை ஆகியவை செய்தியாகக் கருதப்படாது. பாலாற்றில் வெள்ளம் என்று ஆட்சியர் அறிவித்தால் படிக்கலாம். ஆற்றில் மணல் எடுத்தது யார் என்று கேட்க முடியாது.

அலைவரிசை பொதுச் சொத்து, அரசின் பிடியில் இல்லாத தனி அமைப்பு அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில், வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் சொன்னது. உள்ளடக்கத்துக்கு அப்படி ஓர் அமைப்பு இன்னும் வரவில்லை. டி.வியில் யார் வேண்டுமானாலும் கத்தலாம், ரேடியோவில் முணுமுணுக்கவும் கூடாது என்பதற்கு எங்களுக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

கே: காலையில் ஒரு மருத்துவர் சர்க்கரை நோயை அடியோடு ஒழிப்பதாக அரை மணி நேரம் பேசுகிறார். கீழே போன் நம்பர், 'வேலூர் முகாம்' தேதி, லாட்ஜ் பெயர் எல்லாம் ஓடுகிறது. இது செய்தியா, விளம்பரமா? – ஆரணி வாசகி

ப: விளம்பரம்தான். சேனல் அந்த அரை மணி நேரத்தை 'ஸ்லாட்' ஆக விற்றுவிடுகிறது. பேட்டி எடுப்பவர், செட்டு, போன் செய்து 'குணமாயிட்டேன் டாக்டர்' என்று சொல்லும் நேயர் எல்லாம் ஸ்லாட் வாங்கியவரின் ஏற்பாடாக இருக்கும். பார்ப்பவருக்கு அது சேனலின் நிகழ்ச்சியாகத் தெரிகிறது, விலையே அதற்குத்தான்.

இங்கே சட்டம் வலுவாகவே இருக்கிறது. 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாயத் தீர்வுச் சட்டத்தின் பட்டியலில் உள்ள 54 நோய்களில் சர்க்கரை நோயும் ஒன்று. அதைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வது குற்றம். கேபிள் விதி 7(10), விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாகப் பிரித்துக் காட்டப்பட வேண்டும் என்கிறது. திரையின் அடியில் ஓடும் விளம்பர வரியையும் அதே விதி தடுக்கிறது. இப்போது உங்கள் டி.வியைப் போட்டு அந்த அடிப்பகுதியைப் பாருங்கள்! 7(11)இன்படி மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. அதை அமல்படுத்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் முயன்றபோது சேனல்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போய் 2013இல் இடைக்காலப் பாதுகாப்பு வாங்கின.

உள்ளூர் கேபிளில் வருவதானால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு எழுதுங்கள். மாவட்ட மக்கள் தொடர்பு அலுவலருக்கும் ஒரு நகல் கொடுங்கள். செயற்கைக்கோள் சேனலானால் குடியாத்தம் வாசகிக்குச் சொன்ன அதே வழி.

கே: செய்தி சேனல்களில் ஏன் இவ்வளவு கூச்சல்? அரசின் நெருக்கடியா, காசா? – ஆம்பூர் வாசகர்

ப: இரண்டும். ஆனால் காசு முன்னால் நிற்கிறது.

டி.ஆர்.பி. கணக்கைப் பாருங்கள். நாட்டில் டி.வி. உள்ள வீடுகள் 20 கோடிக்கு மேல். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் நிறுவனத்தின் மீட்டர் இருப்பதோ 55,000 சொச்சம் வீடுகளில். ஒரு மீட்டர் வீடு ஏறக்குறைய 3,600 வீடுகளுக்குப் பதில் பேசுகிறது. செய்தி சேனலைப் பார்ப்பவர் அதிலும் கொஞ்சம் பேர்தான். பத்து வீடு ரிமோட்டை மாற்றினால் ஒரு சேனலின் வாரமே மாறிவிடும். 2020 அக்டோபரில் மும்பையில் டி.ஆர்.பி. மோசடி வழக்கு வந்ததும் செய்தி சேனல்களின் கணக்கையே நிறுத்தி வைத்தார்கள். 2022 மார்ச்சில் நான்கு வாரச் சராசரியாகத் திரும்ப வந்தது. செட்டாப் பாக்ஸைப் போட்டதும் முதலில் தெரியும் சேனல் இருக்கிறதே, லேண்டிங் பேஜ், அந்த இடத்துக்கும் காசு உண்டு.

செலவைக் குறைக்க முதலில் கை வைப்பது நிருபர் மீதுதான். நான்கு பேரைப் பெட்டிபெட்டியாக உட்கார வைத்து விவாதம் நடத்துவது, ஒரு நிருபரை வாணியம்பாடி தோல் கழிவுநீர்ப் பிரச்சினைக்கு இரண்டு நாள் அனுப்புவதைவிட மலிவு. மாவட்டங்களில் மாதச் சம்பள நிருபருக்குப் பதில், செய்திக்கு இவ்வளவு என்று வாங்கும் ஸ்ட்ரிங்கர்தான். ஒளிபரப்பானால்தான் காசு, பெட்ரோல் அவருடையது. நகராட்சிக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எடுத்தது ஓடாது, பேருந்து நிலையத்தில் நடந்த அடிதடி ஓடும். அவர் எங்கே போவார்? பிரஸ் மீட்டில் கவர் நீட்டப்படுவதும் இந்த இடத்தில்தான். வாங்குபவரைத் திட்டுகிறோம், சம்பளம் கொடுக்காத முதலாளியை விட்டுவிடுகிறோம்.

அரசின் கை உரிமத்தில் இருக்கிறது. செய்தி சேனல் தொடங்க 20 கோடி ரூபாய் நிகர மதிப்பு காட்ட வேண்டும், மற்ற சேனலுக்கு 5 கோடி போதும். அவ்வளவு பணம் உள்ளவருக்கு வேறு தொழிலும் இருக்கும், அந்தத் தொழிலுக்கு அரசின் தயவும் வேண்டியிருக்கும். மலையாளச் செய்தி சேனலான மீடியா ஒன்னின் உரிமத்தைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி, அந்தக் காரணத்தையும் மூடிய உறையில் வைத்துப் புதுப்பிக்க மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5 அன்று அதை ரத்து செய்தது. கோர்ட்டுக்குப் போய் ஜெயிக்கும் வரை தாக்குப்பிடிக்க எத்தனை சேனலால் முடியும்?

கே: அரசு கேபிள் முதலில் வேலூரில்தான் வந்ததா? – சத்துவாச்சாரி வாசகர்

ப: வேலூரிலும் வந்தது. 2007இல் நிறுவனம் பதிவானது. தஞ்சாவூர், கோவை, திருநெல்வேலி, வேலூர் ஆகிய நான்கு ஊர்களில் கட்டுப்பாட்டு அறைகள் அமைந்தன. பிறகு முடங்கி, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு மறுபடி தொடங்கியது. மாநில அரசுகள் இந்தத் தொழிலில் இருக்கக் கூடாது என்பது டிராயின் பழைய பரிந்துரை, மத்திய அமைச்சகமும் 2022 அக்டோபரில் அதையே சொன்னது. எந்தக் கட்சி ஆண்டாலும், கம்பி கையில் இருப்பவர் எந்தச் சேனல் எந்த எண்ணில் தெரிய வேண்டும் என்பதையும் கையில் வைத்திருக்கிறார். அந்த அளவில் பரிந்துரை சரி. அதே அளவுகோலைத் தனியார் எம்.எஸ்.ஓ. வைத்திருக்கும் கட்சிக்காரர்களுக்கும் நீட்ட வேண்டும்.

கே: தேர்தலில் வேட்பாளர் விளம்பரத்தை உள்ளூர் கேபிளில் போட என்ன செய்ய வேண்டும்? – அணைக்கட்டு வாசகர்

ப: தேர்தல் விளம்பரங்களுக்குச் சான்று தரும் மாவட்ட எம்.சி.எம்.சி. குழுவின் முன் அனுமதி இல்லாமல் போடாதீர்கள். ஒளிபரப்புக்கு 3 நாள் முன்னதாக, பதிவு பெறாத கட்சி என்றால் 7 நாள் முன்னதாக மனு. கூடவே வீடியோ இரண்டு பிரதி, அதில் பேசுவதன் சான்றொப்பமிட்ட எழுத்து வடிவம், தயாரிப்புச் செலவு, எத்தனை முறை ஓடும், ஒரு முறைக்கு என்ன கட்டணம் என்ற விவரம். பணம் காசோலை அல்லது டி.டி.யாக மட்டும். வாக்குப்பதிவு முடிய 48 மணி நேரம் இருக்கும்போது எல்லாம் நிற்க வேண்டும். செய்தி வடிவில் காசு வாங்கிப் புகழ் பாடினால், 96 மணி நேரத்துக்குள் வேட்பாளருக்கு நோட்டீஸ் வரும், அவர் 48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். பணப் பறிமுதலால் 2019 ஏப்ரலில் மக்களவைத் தேர்தலே ரத்தாகி ஆகஸ்ட் 5 அன்று நடந்த தொகுதி வேலூர். இங்கே கண்காணிப்புக் குழு கொஞ்சம் கூடுதலாகவே விழித்திருக்கும்.

கே: எங்கள் ஊர் நகராட்சிக் கூட்டத்தில் என்ன முடிவானது என்று எந்தச் சேனலிலும் வருவதில்லை. நாங்களே தெரிந்துகொள்ள வழி? – பேரணாம்பட்டு வாசகி

ப: தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்துடன் நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'கூட்டத்தில் என்ன நடந்தது, ஏன்' என்று கேட்டால் பதில் வராது, காரணம் சொல்ல அவருக்குக் கடமை இல்லை. 'இன்ன தேதிக் கூட்டத்தின் பொருள் நிரல், தீர்மானங்கள், வருகைப் பதிவேட்டின் நகல்' என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலரிடம். கையில் வந்ததும் உங்கள் ஊர் ஸ்ட்ரிங்கரிடம் ஒரு நகல் கொடுங்கள். மூன்று மணி நேரம் உட்காராமல் அவருக்கு ஒரு செய்தி கிடைத்த மாதிரி.